நாரியில் ஓர் எலும்பு கூட

எங்கள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் புதிய எக்ஸ்றே இயந்திரம் வந்து பொருத்தப்பட்ட அதே மாதத்தில் நான் ஓய்வுக்கு விண்ணப்பித்தேன். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. எனக்கு வயது ஐம்பத்தேழு. இன்னும் மூன்று வருடம் இருந்திருக்கலாம். ஆனால் என் சொந்த நாரி, அதாவது இடுப்போடு சேர்ந்த கீழ்முதுகு, வேறு யோசனை வைத்திருந்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைத்து என் முதுகைக் கெடுத்துக்கொண்டவன் நான். அதை ஒரு படம் எடுத்துப் பார்க்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.

புதிய இயந்திரத்துக்குப் பிலிம் தேவையில்லை. ஆகவே இருட்டறையும் தேவையில்லை. பொத்தானை அமர்த்தினால் முதுகெலும்பு திரையில் வந்து நிற்கிறது. கேட்டால் ஒவ்வொரு எலும்புக்கும் பக்கத்தில் இலக்கமும் எழுதித் தருகிறது. என் கடைசிக் கிழமையில், வேலைக்கு வந்து இரண்டு வருடமான துஷ்யந்தி, நான் அந்தத் திரைக்கு முன்னால் விரல் மடக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டாள்.

“சேர், என்ன செய்யுறியள்?”

“எண்ணுறன்.”

“அதுதான் மெசின் எண்ணி வைச்சிருக்கே.”

“அது எண்ணினது சரியோ எண்டு எண்ணுறன்.”

“மேலயிருந்து எண்ணி முடிச்சிட்டியள். பேந்து ஏன் கீழயிருந்து?”

“நான் எண்ணினது சரியோ எண்டு.”

“உங்களை முழுநேரமும் வீட்டிலை வைச்சிருக்கப்போற அன்ரியை நினைக்கத்தான் பாவமாய் இருக்கு” என்றாள்.

ஏன் இந்த எண்ணுகிற வியாதி எனக்கு வந்தது என்று அவள் பிறகு உண்மையாகவே கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவதற்கு எனக்கு வசதி உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு கொப்பியாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். திகதி, நேரம், யார் வந்தார், எந்த எலும்பு, எத்தனை படம், யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். முப்பத்தொரு கொப்பியும் கோப்பாயிலுள்ள என் வீட்டு அலுமாரியில் வரிசையாக நிற்கின்றன. என் மனைவி அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் குற்றப்பத்திரிகை.

படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பறை மூலையில் ஓர் எலும்புக்கூடு கொக்கியில் தொங்கியது. அதன் முதுகெலும்பு கம்பியில் கோக்கப்பட்டிருந்தது. நுனியில் இருந்த இரண்டு துண்டுகள் எந்தக் காலத்திலோ தொலைந்துபோக, அவற்றின் இடத்தில் யாரோ இரண்டு புளியங்கொட்டையைக் கோத்துவிட்டிருந்தார்கள். வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் அதில் ஒன்றைத் தொட்டு, இது என்ன எலும்பு என்று கேட்டார். புளியங்கொட்டை என்றேன். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு எனக்கு முழுப் புள்ளி போட்டார். நான் கற்ற உடற்கூற்றியலின் முதற்பாடம் அது. சொல்லித் தந்ததை அல்ல, கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல்லவேண்டும். ஒருமுறை அதை மறந்தேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன் எலும்புகளை ஒருமுறை வரிசையாக நிறுத்திவிடுகிறேன். புத்தகத்தின்படி மொத்தம் முப்பத்து மூன்று. கழுத்தில் ஏழு. முதலாவது வெறும் வளையம். இரண்டாவதில் பல் போல ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த முளையைச் சுற்றி வளையம் திரும்புவதால்தான் “இல்லை” என்று தலையை ஆட்ட முடிகிறது. “ஓம்” என்று தலையாட்டுவது மண்டையோட்டுக்கும் முதலாவது எலும்புக்கும் இடையில் நடக்கும் வேலை. அரசாங்க உத்தியோகத்தில் இரண்டாவது எலும்புக்கு வேலை குறைவு.

அடுத்தது மார்பு. பன்னிரண்டு எலும்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடி விலா. அதன் கீழே நாரி, ஐந்து எலும்பு. இவைதான் எல்லாவற்றிலும் பெரியவை. மேலே உள்ள அத்தனை பாரத்தையும் சுமப்பவையும் இவையே, ஆகவே முறைப்பாடும் இங்கிருந்துதான் வரும். சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப்பேரின் நாரியை நான் நேரில் அறிவேன். முகத்தைக் கண்டால்தான் பெயர் மறந்துவிடும். நாரிக்குக் கீழே திரிகம். சின்ன வயதில் தனித்தனியாக இருந்த ஐந்து எலும்புகள் வளர வளர ஒட்டிப்போய் ஒரே முக்கோணப் பலகையானது அது. கடைசியில் குயிலலகு. வாலின் மிச்சமாக நாலு சிறு துண்டுகள், ஓய்வூதியக்காரரைப் போல. பெரிய வேலை இல்லை. விழுந்து இடித்துக்கொண்டால்தான் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியவரும்.

எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் தட்டு இருக்கிறது. வெளியே நார் வளையம், உள்ளே களி. வளையம் கிழிந்து உள்ளிருப்பது வெளியே பிதுங்கினால், பக்கத்தால் போகிற நரம்பை நெரிக்கும். பெரிய நரம்புக் கயிறு நாரியின் முதலாவது, இரண்டாவது எலும்பு மட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் போல நரம்புகள் தொங்கி, ஒவ்வொரு சோடியும் தனக்குரிய இடைவெளியால் வெளியேறி, காலின் தனக்குரிய பகுதிக்குப் போகும். ஆகவே எத்தனையாவது இடைவெளி என்பதுதான் முழு விசயமும். தபால்காரனுக்கு வீட்டு இலக்கம் போல. இலக்கம் பிழைத்தால் வைத்தியர் சுகமாக இருக்கிற வீட்டுக் கதவை உடைத்துவிட்டு வருவார்.

நாரியில் ஐந்து என்று புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. மனிதர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பிறப்பதில்லை.

இனி தேவசகாயம் சேர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்தான் எங்கள் எக்ஸ்றே பகுதியின் தலைவர். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; அந்த ஆங்கிலப் பழக்கத்தில் எங்களை எல்லாம் “ஐசே” என்றுதான் விளிப்பார். வெள்ளைக் காற்சட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பார். சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்குமுன் கண்ணை மூடிச் செபம் செய்வார். புதிய பிலிம் பெட்டி உடைக்குமுன்னும் கண்ணை மூடுவார். அது செபமா பெருமூச்சா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

போரால் கொழும்புப் பாதை பூட்டியிருந்த காலத்தில் பிலிம் எப்போதாவதுதான் வரும். ஒரு பெட்டி முடிந்தால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் அவர் கண்டுபிடித்ததுதான் இரட்டை. பன்னிரண்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலப் பிலிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பாதியை ஈயத்தகட்டால் மூடிவிட்டு, மற்றப் பாதியில் முதுகை முன்பக்கமாகப் படம் எடுப்போம். பிறகு தகட்டை மாற்றி வைத்து, ஆளைச் சரித்து, மீதிப் பாதியில் பக்கவாட்டாக எடுப்போம். ஒரே பிலிமில் இரண்டு படம். ஒவ்வொன்றும் பத்து அங்குல உயரம், ஆறு அங்குல அகலம். நாரியின் ஐந்து எலும்பும் அளவாக நிற்கும். மேலும் கீழும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் அது ஒரு சாதனை. எத்தனையோ பேரின் முதுகை அந்தத் தகடு காப்பாற்றியது. அதை மறுப்பவன் நான் அல்ல.

பிறகு பாதை திறந்தது. லொறியில் பிலிம் வந்தது. பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கினோம். இரட்டை மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன்.

“சேர், இப்பதான் தாராளமாய் வருதே. பெரிய பிலிம் போட்டால் என்ன?”

“பாதை திரும்பப் பூட்டினால் பேந்து உம்மடை சாரத்துணியிலையோ படம் எடுக்கிறது, ஐசே?”

அவருடைய மற்ற ஒழுங்குகளில் குறை சொல்ல முடியாது. நோயாளி மேசையில் ஏறுமுன் அரைஞாண் கொடி, தாயத்து, ஊசி, சாவி எல்லாம் கழற்றப்படவேண்டும். ஒருமுறை நான் சரியாகப் பார்க்காமல் விட்டு, சந்தைக்காரர் ஒருவரின் தாயத்து மூன்றாவது நாரி எலும்பின் மேல் துப்பாக்கிக் குண்டு போலப் பளிச்சென்று விழுந்துவிட்டது. வாட்டில் இருந்த புது டொக்டர் அவரிடம், “ஐயா, உங்களுக்கு எப்ப சூடு பட்டது?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் பயத்தில் இரண்டு நாள் குப்புறவே படுத்திருந்தார். தேவசகாயம் சேர் என்னைத் திட்டவில்லை. அந்தத் தாயத்தின் படத்தை வெட்டி என் மேசை லாச்சியில் ஒட்டிவிட்டார். பதினொரு வருடம் அது அங்கேயே இருந்தது.

பாதை திறந்து இரண்டாவது வருடம் தங்கராசா வந்தார். பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்றொழிலாளி. வயது நாற்பத்தொன்று. உயரம் ஆறடி ஓர் அங்குலம். மேசைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு நின்றதால் அளந்து எழுதினேன். கடலில் வள்ளம் அலையில் எழும்பி அடித்தபோது இருந்த பலகையில் குத்தென்று விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து நாரி வலி. பிறகு வலி காலுக்கு இறங்கியது. கடைசியில் வலது பாதம் மேலே எழும்ப மறுத்தது. நடக்கும்போது அந்தக் கால் செருப்பு மட்டும் பின்தங்கிவிடும். வாட்டிலிருந்து எங்கள் பகுதிக்கு வருவதற்குள் இரண்டு தரம் கழன்றது. மனைவி புவனேஸ்வரி பின்னால் வந்து பொறுக்கிக்கொண்டு வந்தார்.

“கெதியாய்ச் சரியாக்கிவிடுங்கோ, தம்பி” என்றார் தங்கராசா. “கால் ஊண்டேலாட்டி வள்ளத்திலை நிக்கேலாது. வள்ளத்திலை நிக்கேலாட்டி நான் நாள் முழுக்க வீட்டிலை இருந்து இவவிட்டைப் பேச்சு வாங்கோணும். கடல் பரவாயில்லை.”

“இப்ப மட்டும் வாங்காமலோ இருக்கிறார்?” என்றார் புவனேஸ்வரி.

தங்கராசா கொழும்புக்குப் போய் ஸ்கான் எடுத்திருந்தார். அறிக்கையைச் சட்டைப் பையில் வைத்தார். படங்களைப் பெரிய உறையில் போட்டு பஸ்ஸின் மேல்தட்டில் வைத்தார். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது சட்டைப் பை அவரோடு இறங்கியது, உறை இறங்கவில்லை. ஆகவே எங்களிடம் இருந்தது ஒரு தாள் மட்டும். நாரியின் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது, அவ்வளவுதான் அதில் இருந்தது. மறுநாள் காலை சத்திரசிகிச்சை. இனியும் தாமதித்தால் பாதம் திரும்பாது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லியிருந்தார். எங்கள் வேலை, அவருக்கு ஒரு நாரிப் படம் கொடுப்பது.

ஆளின் நீளத்தைப் பார்த்துவிட்டு நான் மறுபடி கேட்டேன்.

“சேர், ஆள் நெட்டை. இவருக்காவது பெரிய பிலிம் போடுவமே?”

“நெட்டை எண்டால் எலும்பு பெரிசு. எலும்பு பெரிசெண்டால் இரட்டையிலை இன்னும் வடிவாய்த் தெரியும்.”

இந்தத் தர்க்கத்தை நாட்குறிப்பில் அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

இரட்டையே எடுத்தேன். நிமிர்ந்து படுக்கவைத்து, முழங்காலை மடிக்கச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி ஒன்று. இடப்பக்கம் சரித்து ஒன்று. கழுவிக் காயவைத்து வெளிச்சப் பெட்டியில் செருகினேன். கீழே திரிகத்தின் மேல் விளிம்பு தெரிந்தது. அதற்கு மேலே எண்ணினேன். ஐந்து. அந்த ஐந்துக்கு மேலே இன்னொரு எலும்பின் கீழ்ப்பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்பின் கடைசி எலும்பு என்று எடுத்துக்கொண்டேன். மார்பெலும்பு என்றால் விலா இருக்கவேண்டுமே, அது எங்கே என்று ஒரு கணம் யோசித்தேன். தகடு மறைத்திருக்கும் என்று எனக்கு நானே பதில் சொன்னேன். ஐந்து இருக்கவேண்டும், ஐந்து இருந்தது. கையெழுத்து வைத்து வாட்டுக்கு அனுப்பினேன். புளியங்கொட்டையை எலும்பு என்று சொல்லிவிட்டேன், அதுதான் நடந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, உருட்டிக்கொண்டு போகிற எக்ஸ்றே இயந்திரத்தோடு சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலுக்குப் போனேன். கத்தி வைக்குமுன் நிபுணர் முதுகில் ஓர் ஊசியைக் குத்துவார். ஊசி நிற்கும் இடத்தை நாங்கள் படம் எடுத்துக் காட்டவேண்டும். அதைக் கொண்டு எத்தனையாவது இடைவெளி என்று அவர் உறுதி செய்வார். தங்கராசாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வாசலில் கிடந்த மரவாங்கில் புவனேஸ்வரி ஒரு சீலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“தம்பி, உதுவும் தேவைப்படுமோ? ஏழெட்டு வருசத்துக்கு முந்தி இவருக்குச் சலக்கல்லு எண்டு எடுத்த படம். நேற்றைக்கு றங்குப்பெட்டியைக் கிண்டேக்கை ஆப்பிட்டது.”

எங்கள் ஊரில் எக்ஸ்றே படத்தை எவரும் எறிவதில்லை. காணி உறுதிப் பத்திரம், சாதகம், எக்ஸ்றே மூன்றும் றங்குப்பெட்டியின் அடியில் ஒன்றாகத்தான் படுத்திருக்கும். கல் கரைந்து எத்தனையோ வருடம் போனாலும் படம் இருக்கும். நான் மரியாதைக்காகத்தான் வாங்கினேன். பழக்கதோசத்தில் சன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.

முழுப் பிலிம். சலக்கல், அதாவது சிறுநீர்ப் பாதைக் கல், பார்க்க எடுத்தபடியால் விலா எலும்பிலிருந்து இடுப்புவரை எல்லாம் இருந்தது. கடைசி விலாவைப் பிடித்து, அது தொட்ட எலும்புக்குக் கீழே எண்ணிக்கொண்டு போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. திரிகம் வரவில்லை. இன்னொன்று வந்தது. பிறகுதான் திரிகம்.

கீழிருந்து மேலே எண்ணினேன். ஆறு. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஆறு.

“கல்லு இன்னும் கிடக்கோ?” என்றார் புவனேஸ்வரி.

“இல்லையக்கா. கல்லில்லை” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

விசயம் இதுதான். கொழும்பில் அறிக்கை எழுதியவர் மேலிருந்து எண்ணியிருந்தால், அவர் சொன்ன நாலுக்கும் ஐந்துக்கும் இடை, கீழிருந்து பார்த்தால் மூன்றாவது இடைவெளி. அவரும் திரிகத்திலிருந்து மேலே எண்ணியிருந்தால் அது இரண்டாவது இடைவெளி. எங்கள் இரட்டையை நம்பிய நிபுணர் இரண்டாவதைத்தான் திறப்பார். நடுவில் ஓர் எலும்பு. அந்த ஓர் எலும்பு மாறினால், நல்ல தட்டு வெளியே வரும், கெட்ட தட்டு உள்ளே இருக்கும், தங்கராசாவின் செருப்பு ஆயுளுக்கும் கழன்றுகொண்டே இருக்கும்.

உள்ளே தங்கராசா குப்புற நித்திரை. முதுகில் மஞ்சள் மருந்து பூசியாகிவிட்டது. நிபுணர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். அவர் கைக்கு எல்லாரும் கும்பிடு போடுவார்கள். வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள்.

“டொக்டர், ஒரு எலும்பு கூட இருக்கு.”

“ஆருக்கு? உமக்கோ, எனக்கோ?”

“படுத்திருக்கிறவருக்கு.”

பழைய படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினேன். அவர் வந்து ஊசியின் முனையால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு கீழிருந்து எண்ணினார். பிறகு நேற்றைய இரட்டையைப் பார்த்தார்.

“இதிலை அஞ்சுதானே இருக்கு?”

“அதிலை முழு முதுகும் இல்லை, டொக்டர்.”

“ஆர் எடுத்தது?”

“நான்.”

“ஏன் பாதி? மிச்சப் பிலிமை வீட்டை கொண்டுபோய்க் கூரை வேயுறீரோ?”

மயக்கமருந்து கொடுத்த டொக்டர் அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். “ரண்டிலை எது எண்டு கெதியாய்ச் சொல்லுங்கோ. நான் இவரை நாளைக்குவரை நித்திரையாக்கி வைச்சிருக்கேலாது.”

“ரண்டையும் திறந்து பாக்க இதென்ன றங்குப்பெட்டியே?” என்றார் நிபுணர். “கொழும்பிலை எங்கையிருந்து எண்ணினவங்கள் எண்டு கேக்கோணும். உங்கடை பெரியவரைக் கூப்பிடும்.”

தேவசகாயம் சேர் தியேட்டர்த் தொப்பியைச் சீவிய தலைக்கு மேல் கவனமாக வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு படத்தையும் பார்த்தார். தானும் எண்ணினார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் முன்கூட்டியே எனக்குள் எழுதி வைத்திருந்தேன்: பொடியன் பிலிமை இறக்கி வைச்சிட்டான். நான் எழுதியது பிழை.

“இரட்டை என்ரை கட்டளை, டொக்டர். இவர் பெரிய பிலிம் கேட்டவர். நான்தான் மாட்டன் எண்டனான்.”

இவ்வளவும் சொல்லிவிட்டு வெளி அறைத் தொலைபேசிக்குப் போனார். கொழும்பில் அந்த ஸ்கான் இடத்தில் அவரோடு ஒன்றாகப் படித்த அன்ரன் என்பவர் இருந்தார். கதவு திறந்திருந்ததால் நாங்கள் எல்லாம் கேட்டோம்.

“அன்ரனே? மச்சான், தேவசகாயம். எப்பிடிச் சுகம்? … மனுசி சுகமோ? … மூத்தவளுக்கு ஏதும் பொருந்தி வந்ததோ? … ஆ, கனடாவோ? நல்லது, நல்லது. பொடியன் என்ன படிச்சவன்?”

“அந்த மனுசன் கலியாணம் பேசுறார்!” என்று உள்ளேயிருந்து நிபுணர் கத்தினார். “இஞ்சை ஒருத்தன் குப்புறக் கிடக்கிறான்!”

தேவசகாயம் சேர் வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்து, ஒரு விரலைக் காட்டினார். பிறகு, “சரி மச்சான், ஒரு சின்ன உதவி” என்று தொடங்கினார். அந்தச் சின்ன உதவிக்கு முன்னால் நாலரை நிமிடம் போயிருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். இதைப் பற்றிப் பிறகு கேட்டபோது, “சுகம் விசாரிக்காமல் வேலை சொன்னால் அன்ரன் இண்டைக்குச் செய்யமாட்டான், நாளைக்குத்தான் செய்வான். எனக்கு இண்டைக்குத் தேவை” என்றார். அன்ரனை அறிந்தவர்கள் அது சரி என்கிறார்கள்.

அன்ரன் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொலைபேசி எடுப்பதாகச் சொன்னார். பதினெட்டு நிமிடம். தேவசகாயம் சேர் தொலைபேசி மேல் கையை வைத்தபடியே நின்றார். அவருடைய உதடு அசைந்தது. இந்தமுறை அது செபம்தான். நிபுணர் தங்கராசாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தார். அவர் வாய் மூடியிருந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

மணி அடித்தது.

“மேலயிருந்து, டொக்டர். கழுத்திலையிருந்து இறங்கி எண்ணி வந்தவங்களாம். கீழை ஒண்டு கூட இருக்கிறதை அறிக்கையிலை எழுத மறந்திட்டினமாம்.”

“அப்ப மூண்டாவது இடைவெளி” என்றார் நிபுணர். “ஆனால் நான் இனி ஒருத்தற்றை வாயையும் நம்பமாட்டன். ஊசி குத்துறன். படம் எடுங்கோ. முழுப் படம்.”

முழுப் பிலிமை எடுத்துவரத் தேவசகாயம் சேர் தானே போனார். பதினேழுக்குப் பதினாலு, எங்களிடம் இருந்ததில் ஆகப் பெரியது. அந்த வெள்ளைக் காற்சட்டை ஓடியதைப் பார்த்தவர்கள் எங்கள் பகுதியில் இரண்டு பேர்தான், நானும் ஒரு தாதியும். படம் எடுத்தேன். அவர் இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவி, காயவைக்காமலே தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார். நிபுணர், டொக்டர் அம்மா, அவர், நான், நாலு பேரும் பாலர் வகுப்புப் பிள்ளைகள் போலச் சத்தமாக எண்ணினோம். மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை. ஊசி சரியான வாசலில் நின்றது.

திறந்ததும் நிபுணர் சின்ன இடுக்கியால் ஒரு வெள்ளைத் துண்டை வெளியே இழுத்தார். பிதுங்கிய தட்டு அவித்த நண்டுச் சதை போலத்தான் இருக்கும்.

“இந்தா கிடக்கு” என்றார். “இண்டைக்கு மத்தியானம் வீட்டிலை நண்டுக்கறி. எனக்கு இனி இறங்குமோ தெரியாது.”

மூன்றாம் நாள் தங்கராசாவின் வலது கால் பெருவிரல் அசைந்தது. அரை அங்குலம் இருக்கும். புவனேஸ்வரி அதைப் பார்க்க வாட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டார்; பக்கத்துக் கட்டில்காரரின் விருந்தாளிகளையும் விடவில்லை. மூன்று மாதத்தில் தங்கராசா கடலுக்குப் போனார். அந்தப் பழைய படத்தை மாணவர்களுக்குக் காட்ட வைத்துக்கொள்கிறேன் என்று நிபுணர் கேட்டார். புவனேஸ்வரி கொடுக்கவில்லை.

“நல்லாய் இருக்கே, டொக்டர்! காணி உறுதியை ஆரும் இரவல் குடுப்பினமே?”

அடுத்த திங்கட்கிழமை ஈயத்தகட்டைக் காணவில்லை. தேவசகாயம் சேர் தன் சன்னல் காற்றுக்கு அடிக்காமல் இருக்க அதை முட்டுக்கொடுத்திருந்தார். அறிவித்தல் பலகையில் அவருடைய கையெழுத்தில் ஒரு தாள்: நாரிப் படத்தில் கடைசி விலாவும் திரிகமும் தெரியவேண்டும். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“ஆறைக் கண்டனீர், நல்லது. பெரிய பிலிம் தராதது என்ரை பிழை. ஆனால் முதல்நாள் மேலே ஒரு துண்டு எட்டிப் பாத்ததே, ஐசே. அதுக்கு விலா எங்கை எண்டு நீர் ஏன் கேக்கேல்லை?”

துஷ்யந்தி, நான் கேட்டேன், பதிலையும் நானே சொல்லிவிட்டேன். புவனேஸ்வரி றங்குப்பெட்டியைக் கிண்டியிராவிட்டால் அந்தப் பதிலோடு ஒரு மனிதன் நொண்டியிருப்பான். ஆகவேதான் இரண்டு பக்கமும் எண்ணுகிறேன். மெசினோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதற்கும் ஐந்து என்றுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தேவசகாயம் சேர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து ஒரு காலை, ஊன்றுகோலோடு எங்கள் பகுதிக்கு வந்தார். நாரிப்பிடிப்பு. அதே வெள்ளைக் காற்சட்டை. பெல்ட்டை அவரே கழற்றினார், சாவியை அவரே எடுத்து வைத்தார். மேசையில் படுத்ததும் தலையைத் தூக்கி நான் எடுத்த பிலிமைப் பார்த்தார்.

“எனக்கேன் உவ்வளவு பெரிசு? சின்னன் போதும், ஐசே.”

“மூச்சை விட்டு நிப்பாட்டுங்கோ, சேர்.”

கழுவி வெளிச்சப் பெட்டியில் செருகினேன். மேலிருந்து எண்ணினேன். கீழிருந்து எண்ணினேன். விரலால் தொட்டு எண்ணினேன். அவருக்கு நாரியின் கடைசி எலும்பு திரிகத்தோடு ஒட்டிப்போய் அதில் ஒன்றாகிவிட்டிருந்தது. நூற்றில் நாலைந்து பேருக்கு இப்படி உண்டு. ஆபத்தில்லை.

“சேர், நாலுதான் இருக்கு.”

அவர் எழுந்து, ஊன்றுகோலை ஊன்றி, பெட்டிக்குக் கிட்டே வந்தார். கண்ணாடியைப் போட்டு, ஊன்றுகோலின் பிடியால் மேலிருந்து எண்ணினார். பிறகு கீழிருந்து எண்ணினார்.

“அப்ப அண்டைக்கு அந்தத் தங்கராசாவிட்டைக் கூட இருந்த ஒண்டு என்ரை” என்றார்.

“கேட்டு வாங்கித் தரட்டோ, சேர்? இப்பவும் போனமாதம் மீனோடை வந்தவர்.”

தேவசகாயம் சேர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே யோசித்தார்.

“வேண்டாம், ஐசே. அவன் கடலுக்குப் போறவன். வைச்சிருக்கட்டும்.”